வால்வு பவர் ஆம்ப்ளிஃபயர் பழுதானால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரில் ஏதாவது கோளாறு என்றால், பலர் முதல் வேலையாகப் புது வால்வுகளுக்குப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுரை. கசியும் கெப்பாசிட்டர் ஒன்று உள்ளே இருக்கும்போது புது வால்வுகளைச் செருகினால், பழையவற்றுக்கு நேர்ந்த கதி சில நிமிடங்களில் அவற்றுக்கும் நேரும். முதலில் அளந்து பாருங்கள், அதன் பிறகு வாங்குங்கள்.

எடுத்துக்காட்டாக டைனாகோ ஸ்டீரியோ 70-ஐ வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டேவிட் ஹாஃப்லர் நடத்திய நிறுவனம் 1959-இல் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயர் இது. பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்கியவர் வீட்டு மேசையிலேயே சோல்டர் செய்து முடித்துக்கொண்டார். ஸ்பீக்கரை இயக்கும் நான்கு இஎல்34 அவுட்புட் வால்வுகள், அவற்றுக்கு சிக்னலைத் தயார்செய்யும் இரண்டு 7199, ஏசியை டிசியாக்கும் ஒரு ஜிஇசட்34 ரெக்டிஃபயர், சேனலுக்கு 35 வாட். இவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். சர்க்யூட் எளிது, பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. இதில் பழகிய கைக்கு வேறு எந்த புஷ்-புல் (அவுட்புட் வால்வுகள் ஜோடியாக, எதிரெதிராக இயங்கும்) வால்வு ஆம்ப்ளிஃபயரும் அந்நியமாகத் தெரியாது.

மூடியைத் திறப்பதற்கு முன்

ஸ்டீரியோ 70-இன் உள்ளே டிசி மின்னழுத்தம் 430 வோல்ட் அளவில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அது போய்விடும் என்று நம்பாதீர்கள். ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம், ஆம்ப்ளிஃபயர் அணைந்த பின்னும் ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கக்கூடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, நன்றாக உறையிட்ட கிளிப் வயர்களால் கெப்பாசிட்டரின் பிளஸ் முனைக்கும் சேசிஸுக்கும் (ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டம்) இடையே மாட்டி அரை நிமிடம் விடுங்கள். பிறகு மல்டிமீட்டரில் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பின்பே கை வையுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதில் கெப்பாசிட்டரும் கெடும், தெறிக்கும் உலோகத் துணுக்கு கண்ணிலும் படும்.

மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் கருப்பு வயரை சேசிஸில் கிளிப்பால் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளந்து, மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், கைச்சங்கிலி வேண்டாம். மீட்டரும் அதன் வயர்களும் 1000 வோல்ட் டிசிக்கு உரியவையாக இருக்கட்டும். வீட்டில் இன்னொருவர் விழித்திருக்கும் நேரமாகப் பாருங்கள்.

ஆம்ப்ளிஃபயரின் பாதுகாப்புக்கும் இரண்டு விதிகள் உண்டு. ஸ்பீக்கரோ 8 ஓம் லோடு ரெசிஸ்டரோ இணைக்காமல் சிக்னல் கொடுக்கக் கூடாது. லோடு இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் எகிறும் மின்னழுத்தம் உள்ளிருக்கும் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். அணைத்து ஆறிய பிறகே வால்வைக் கழற்றவோ செருகவோ வேண்டும். இஎல்34-இன் கண்ணாடி 200 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடியது.

மல்டிமீட்டரில் டிசி வோல்ட் அளந்து பழகாதவர்கள் மூடியைத் திறக்காமல் செய்யக்கூடிய சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே முடிந்த இடங்களிலெல்லாம் அவற்றை முதலில் சொல்லியிருக்கிறேன்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

எப்போது போகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சுவிட்சைப் போட்ட நொடியிலேயே போனால் ரெக்டிஃபயர் வால்வு ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது பவர் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகியிருக்கலாம். பத்து இருபது விநாடி கழித்து, வால்வுகள் சூடேறும் நேரத்தில் போனால் ஃபில்டர் கெப்பாசிட்டரையோ அவுட்புட் வால்வையோ பயஸ் சப்ளையையோ (அவுட்புட் வால்வுகளின் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் எதிர்மறை மின்னழுத்தத்தைத் தரும் பகுதி) சந்தேகியுங்கள். ஜிஇசட்34 மெதுவாகச் சூடேறும் வால்வு என்பதால், அதற்குப் பின்னால் உள்ள பழுது தாமதமாகத்தான் தலைகாட்டும்.

இங்கே எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் சீரிஸ் பல்பு அருமையான துணை. மின் இணைப்பில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து, எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கிவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரில் பெரிய பழுது இல்லை. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரிலோ அதை ஒட்டிய வயரிங்கிலோ ஷார்ட் இருக்கிறது. அடுத்து அணைத்து, ரெக்டிஃபயரை மட்டும் செருகிப் பாருங்கள். பிறகு 7199 இரண்டும், கடைசியாக இஎல்34-களும். எதைச் செருகியதும் பல்பு பிரகாசமாகிறதோ அங்கே தேட வேண்டும். இஎல்34 நான்கின் ஹீட்டர்களே 6 ஆம்பியர் இழுப்பவை. ஆகவே அவற்றைச் செருகியபின் பல்பு ஓரளவு எரிவது இயல்பு.

ஜிஇசட்34 திரும்பத் திரும்பப் பொறி விட்டுச் சாகிறது என்றால், அதை அடுத்துள்ள முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரின் மதிப்பைப் பாருங்கள். இந்த வால்வுக்கு 60 மைக்ரோஃபேரட்தான் உச்ச வரம்பு. ஹம் (ஸ்பீக்கரில் கேட்கும் ரீங்காரம்) குறையட்டும் என்று யாரோ 100, 220 என்று மாட்டி வைத்திருப்பார்கள். இன்னொரு காரணம் மின்வெட்டு. மின்சாரம் போய் உடனே திரும்பும்போது, சூடாக இருக்கும் ரெக்டிஃபயர் காலியான கெப்பாசிட்டர்களை ஒரே மூச்சில் நிரப்ப வேண்டியிருக்கிறது. மின்சாரம் போனதும் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சை அணையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் போடுங்கள்.

ஸ்டீரியோ 70-க்கு உரியது 3 ஆம்பியர் ஸ்லோ-புளோ (மெதுவாக உருகும்) ஃபியூஸ். அதைவிடப் பெரிதாகவோ செம்புக் கம்பியாகவோ போட்டால், அடுத்து எரியப்போவது பவர் டிரான்ஸ்ஃபார்மர்.

வால்வின் பிளேட் சிவக்கிறது

எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹீட்டர் வெளிச்சம் நடுவிலும் மேல், கீழ் முனைகளிலும் கசியும். பிளேட் என்பது வெளியே தெரியும் சாம்பல் நிறத் தகடு. அதன் பக்கவாட்டில் முதலில் மங்கிய செம்பழுப்புத் திட்டு ஒன்று தோன்றும். விளக்குகளை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். பிறகு அது செர்ரிப் பழ நிறமாகி அகலும். ஒலியில் எந்த மாற்றமும் இல்லாமலேயே இது நடக்கலாம். கண்டவுடன் அணையுங்கள். பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தால் வால்வோடு டிரான்ஸ்ஃபார்மரும் போகும்.

அடிப்படை என்னவென்றால், இஎல்34-இன் பிளேட் 25 வாட் வெப்பத்தைத் தாங்கும். அதைக் கட்டுக்குள் வைப்பது கிரிட்டில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உள்வலை) நிற்கும் எதிர்மறை மின்னழுத்தம், அதாவது பயஸ். அது குறைந்தால் மின்னோட்டம் ஏறும், பிளேட் சிவக்கும். ஆக, எத்தனை வால்வுகள், எந்தப் பக்கம் சிவக்கின்றன என்று பாருங்கள். நான்கும் சிவந்தால் பயஸ் சப்ளையே படுத்துவிட்டது. ஒரு சேனலின் இரண்டும் சிவந்தால் அந்தப் பக்கத்து பயஸ் பாட்டையோ (‘பாட்’ என்பது பொட்டென்ஷியோமீட்டர், திருப்பிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்) அதன் வயரிங்கையோ பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால் அந்த வால்வு, அதன் சாக்கெட், முந்தைய நிலையிலிருந்து அதற்கு சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கெப்பாசிட்டர், கிரிட் ரெசிஸ்டர் ஆகிய நான்கில் ஒன்று.

வால்வுகளை இடம் மாற்றிப் பார்க்கும் முன் ஒரு அளவை எடுத்துவிடுங்கள். இதனால் நல்ல வால்வுகள் பிழைக்கும். இஎல்34 நான்கையும் கழற்றிவிட்டு, மற்ற வால்வுகளோடு மட்டும் ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, ஒவ்வொரு சாக்கெட்டிலும் 5-ஆம் முனையில் (கிரிட்) சேசிஸை ஒப்பிட்டு டிசி வோல்ட் அளக்க வேண்டும். லோடு இல்லாததால் மெயின் சப்ளை அப்போது 500 வோல்ட்டை நெருங்கும் என்பதை நினைவில் வையுங்கள். எனவே அளவை விரைவாக எடுத்துவிட்டு அணையுங்கள். நான்கு முனைகளிலும் ஏறக்குறைய மைனஸ் 35 வோல்ட் நின்றால் ஆம்ப்ளிஃபயரின் இந்தப் பகுதி சரி. இப்போதுதான் வால்வின் மேல் சந்தேகம் கொள்ளலாம். ஒரு முனையில் மட்டும் மைனஸ் 20 என்று காட்டினால் அந்தக் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது. முந்தைய நிலையின் நேர்மறை மின்னழுத்தம் அதன் வழியே கிரிட்டுக்கு இறங்கி, பயஸைக் கரைக்கிறது. 0.1 மைக்ரோஃபேரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் வாங்கி நான்கையும் மாற்றிவிடுங்கள். ஒன்று கசியத் தொடங்கினால், அதே வயதுடைய மற்ற மூன்றும் அதிக நாள் தாங்கா.

நான்கு முனைகளிலும் பயஸ் குறைவாக இருந்தால் செலினியம் ரெக்டிஃபயரைப் பாருங்கள். 1959-இல் சிலிக்கான் டையோடு விலை கூடியது என்பதால் பயஸ் சப்ளைக்குச் செலினியம் தகடுகளைப் போட்டார்கள். வயதாக ஆக அதன் உள்தடை கூடி, பயஸ் மின்னழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும். வால்வுகள் சூடாக ஓடுவது வெளியே தெரியாது. அதை எடுத்துவிட்டு 1என்4007 டையோடு ஒன்றைத் திசை மாறாமல் போடுங்கள். கூடவே பயஸ் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் மாற்றுங்கள். அவற்றின் பிளஸ் முனைதான் சேசிஸ் பக்கம் வர வேண்டும். பழக்க தோஷத்தில் தலைகீழாகப் போட்டுவிட எளிது. பழைய ஸ்டீரியோ 70 ஒன்று கைக்கு வந்தால், பழுது இருக்கிறதோ இல்லையோ, இந்த மாற்றத்தைச் செய்த பிறகே அதைப் பாட விடுங்கள்.

இனி பயஸை வைப்பது. ஒரு சேனலின் இரண்டு வால்வுகளுக்கும் பொதுவாக 15.6 ஓம் ரெசிஸ்டர் ஒன்று கேத்தோடில் (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) இருக்கிறது. அதன் குறுக்கே 1.56 வோல்ட் வரும்படி பாட்டைத் திருப்பச் சொன்னது டைனாகோவின் கையேடு. 1.56-ஐ 15.6-ஆல் வகுத்தால் 100 மில்லியாம்பியர், வால்வுக்கு 50. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு வால்வு 65, மற்றது 35 இழுத்தாலும் மீட்டர் அதே 1.56-ஐத்தான் காட்டும். மீட்டர் சரி என்கிறது, ஒரு பிளேட் சிவக்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒவ்வொரு கேத்தோடுக்கும் தனித்தனியாக 10 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் போட்டுவிட்டால் 0.40 வோல்ட் என்றால் 40 மில்லியாம்பியர் என்று நேராகப் படித்துக்கொள்ளலாம். இரண்டு வால்வுகளுக்கும் இடையே 5 மில்லியாம்பியருக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த ஜோடி பொருந்தவில்லை.

என் பரிந்துரை 50 அல்ல, 40. மின்னழுத்தம் 415, மின்னோட்டம் 50 மில்லியாம்பியர் என்றால் வால்வுக்கு 20.75 வாட். 40 வைத்தால் 16.6 வாட். இன்றைய இஎல்34-கள் எல்லாம் பழைய முல்லார்டு நிறுவன வால்வுகளின் தாக்குப்பிடிப்போடு வருவதில்லை. ஒலியில் வேறுபாட்டைக் கேட்டுப் பிடிப்பது கடினம், வால்வின் ஆயுளிலோ வேறுபாடு நன்றாகவே தெரியும். அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு பயஸை வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

ஹம் கேட்கிறது

முதலில் மூடியைத் தொடாத சோதனை. இன்புட் கேபிள்களைக் கழற்றிவிட்டு, இரண்டு ஆர்சிஏ சாக்கெட்டிலும் ஷார்ட் செய்த (நடு முனையும் வெளி வளையமும் இணைக்கப்பட்ட) பிளக்குகளைச் செருகுங்கள். ஹம் நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபயர் குற்றவாளி அல்ல. கேபிளின் ஷீல்டு, எர்த் லூப் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைவது), கேபிள் டிவி இணைப்பு, லேப்டாப் சார்ஜர் என்று வெளியே தேடுங்கள்.

ஹம் நிற்கவில்லை என்றால் அதன் சுருதியைப் பாருங்கள். செல்பேசியில் ஒலி அலைவரிசையைக் காட்டும் இலவசச் செயலி ஏதாவது போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஃபுல்-வேவ் ரெக்டிஃபயருக்குப் பின் டிசியில் மிஞ்சும் சிற்றலை 100 ஹெர்ட்ஸ். ஆகவே 100-இல் முள் எழுந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர் சோர்ந்திருக்கிறது, அல்லது அவுட்புட் ஜோடி சமனாக இல்லை. புஷ்-புல் அமைப்பில் இரு வால்வுகளும் ஒரே அளவு இழுத்தால்தான் சிற்றலை டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். எனவே கெப்பாசிட்டர் வாங்கும் முன் பயஸைச் சரிபார்த்துவிடுங்கள். 50-இல் எழுந்தால் ஹீட்டர் வயரிங், எர்த் இணைப்பு, அல்லது ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் கசியும் 7199. இரண்டு 7199-களையும் பக்கம் மாற்றிப் பாருங்கள். ஹம்மும் பக்கம் மாறினால் விடை கிடைத்துவிட்டது.

ஸ்டீரியோ 70-இன் ஃபில்டர் கெப்பாசிட்டர் 30, 20, 20, 20 மைக்ரோஃபேரட் என நான்கு பகுதிகள் கொண்ட ஒற்றை அலுமினியக் குவளை, 525 வோல்ட். அதன் அடியில் பழுப்பு நிறப் பிசின் கசிந்திருந்தாலோ மேற்புறம் உப்பியிருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். பல பத்தாண்டு பழைய குவளை எப்படித் தோன்றினாலும் மாற்றிவிடுவதுதான் நல்லது. அது ஷார்ட் ஆனால் ஜிஇசட்34-ஐயும் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

ஸ்பீக்கரில் ஹம் இல்லை, ஆம்ப்ளிஃபயரின் உடம்பே ரீங்கரிக்கிறது என்றால் அது டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் அதிர்வது. போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.

ஒரு பக்கம் ஒலி இல்லை, அல்லது மங்கல்

இன்புட் கேபிள்களை இடம் வலம் மாற்றுங்கள். பழுது பக்கம் மாறினால் காரணம் முன்னால் இருக்கும் கருவியில். மாறாவிட்டால், அணைத்த நிலையில் ஸ்பீக்கர் வயர்களை மாற்றுங்கள். அதன் பிறகு 7199, பிறகு இஎல்34 ஜோடி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று ஒருபோதும் தெரியாது.

7199 பழுது என்றால் சிறு சிக்கல். அந்த வால்வு அரிதாகிவிட்டது. 6ஜிஎச்8ஏ என்ற வால்வு ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும், ஆனால் முனைகளின் வரிசை வேறு. அடாப்டர் இல்லாமல் நேராகச் செருகக் கூடாது.

படபடப்பு, சரசரப்பு, மோட்டார் படகுச் சத்தம்

பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெதுவாகத் தட்டுங்கள். 7199-ஐத் தட்டும்போது ஸ்பீக்கரில் லேசாக ‘டங்’ என்பது இயல்பு. மணி போல நீண்டு ஒலித்தாலோ வெடித்தாலோ அந்த வால்வு சரியில்லை, அல்லது சாக்கெட் தளர்ந்திருக்கிறது. கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிய பிறகு, தையல் ஊசியால் சாக்கெட்டின் பிடிகளைச் சற்று நெருக்கி, கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். ஸ்டீரியோ 70-இல் டிரைவர் பகுதி பழுப்பு நிறப் பிரின்டெட் போர்டில் இருக்கிறது. வால்வின் சூடு பட்டுப் பட்டு அதன் சோல்டர் விளிம்புகளில் மயிரிழை விரிசல் விழும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் முனையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமாகத் தெரியும். மறுபடி சோல்டர் செய்தால் தீர்ந்தது.

விநாடிக்கு ஒன்றிரண்டு முறை ‘புட் புட்’ என்று அடித்துக்கொண்டே இருந்தால் அது ஃபில்டர் குவளையின் பின் பகுதிகள் வறண்டதால் வருவது. மேலே சொன்ன மாற்றமே இதற்கும் மருந்து.

வெளிச்சமும் நிறமும்

கண்ணாடியின் உட்புறத்தில் படியும் நீல ஒளி கெடுதல் அல்ல. தகடுகளுக்கு இடையே இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ பொங்கினால் உள்ளே வாயு புகுந்திருக்கிறது, எடுத்துவிடுங்கள். உச்சியிலுள்ள வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையானால் கண்ணாடியில் விரிசல். அந்த வால்வு இறந்துவிட்டது.

இன்னும் வாங்கவில்லை என்றால்

வாட் எண்ணிக்கையைவிட ஸ்பீக்கரின் உணர்திறனைப் பாருங்கள். 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 35 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 105 டெசிபெல் வரும். வீட்டு அறைக்கு அது தாராளம். 70 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபெல்தான். சிறிய அறையும் உணர்திறன் மிக்க ஸ்பீக்கரும் இருந்தால் இஎல்84 வால்வுகளில் இயங்கும் சிறிய ஆம்ப்ளிஃபயரே போதும். மல்டிமீட்டரைத் தொட விருப்பமில்லாதவர் கேத்தோடு பயஸ் வகையைத் தேர்ந்தெடுக்கட்டும். பாட்டைத் திருப்பி பயஸ் வைக்கும் வேலையே அதில் இல்லை. சற்றுக் கூடுதல் சூடும் குறைந்த வாட்டும்தான் அதற்கு விலை.

அமெரிக்காவிலிருந்து வரும் பழைய ஸ்டீரியோ 70-ஐ நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஒரே நொடியில் முடிந்துவிடும். 500 விஏ ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தேவை. போட்ட பிறகு இஎல்34-இன் 2, 7 முனைகளுக்கு இடையே ஏசி வோல்ட்டை அளந்து பாருங்கள். 6.3-ஐ ஒட்டி, 6.0-க்கும் 6.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதன் பழைய இரண்டு கம்பி மின்கயிற்றில் எர்த் கிடையாது. மூன்று கம்பி கயிறு போட்டு, எர்த்தை சேசிஸில் போல்ட்டால் இறுக்குங்கள். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் சாக்கெட் வரை அந்த எர்த் தொடர்கிறதா என்பதையும் மீட்டரில் பார்த்துவிடுங்கள். பல மலிவான பெட்டிகளில் மூன்றாவது துளை அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது.

விற்பவர் வீட்டிலேயே அறையை இருட்டாக்கி அரை மணி நேரம் ஓடவிட்டு நான்கு பிளேட்டுகளையும் பக்கவாட்டில் பாருங்கள். பிறகு அணைத்து, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டு, ஒவ்வொரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலும் நடு முனையிலிருந்து இரு பக்கத்துக்கும் ஓம் அளவை எடுங்கள். இரண்டு பாதிகளுக்கும் சிறு வேறுபாடு இயல்பு. ஒரு பாதி அறுந்திருந்தால், இன்றும் புதிதாகக் கிடைக்கும் மாற்று டிரான்ஸ்ஃபார்மரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள், ஸ்டீரியோ 70 இன்னொன்று கிடைக்கும்.